குடும்பத்தில் மார்ஃபான் இருந்தால் பெருந்தமனிக்கு அளவெடுப்பது எப்படி

கோலாலம்பூர் செந்தூலில் 31 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடை, பாஜு மெலாயு, கல்யாணக் கோட்டு என்று எது வந்தாலும் தைப்பேன். கழுத்தில் டேப் தொங்கவில்லை என்றால் எனக்குப் பேச்சே வராது என்று மனைவி கேலி செய்வாள். அப்படிப்பட்ட நான் என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, பத்துத் தீபாவளிக்காவது சட்டை தைத்திருப்பேன். ஒவ்வொரு முறையும் கைநீளம் வழக்கத்தைவிட 2 அங்குலம் கூடுதலாக வரும். "உனக்குத் துணி வெட்டினால் எனக்கு நட்டம்டா" என்று கிண்டல் செய்ததோடு சரி. அந்த 2 அங்குலம் ஏதோ சொல்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

2009ல், 34 வயதில், முதுகில் யாரோ துணியைக் கிழிப்பது போல வலிக்கிறது என்று ஒரு கிளினிக்குக்குப் போனான். கேஸ்ட்ரிக் என்று வெள்ளை மருந்து கொடுத்து அனுப்பினார்கள். விடியற்காலையில் உயிர் போய்விட்டது. பெருந்தமனி கிழிந்திருந்தது என்று பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் 'மார்ஃபான்' என்ற பரம்பரை நோயின் பெயரையே கேட்டோம்.

நான் டாக்டர் இல்லை. மனைவிக்கு இதயத்துக்குப் பக்கத்தில் ஆபரேஷன் ஆனதையும், மகளை வருடா வருடம் ஸ்கேனுக்குக் கூட்டிப்போவதையும் வைத்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். மருந்து, அறுவை சிகிச்சை எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். ஆனால் அந்த டாக்டர் முன்னால் போய் உட்காரும் வரை செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதை வீட்டில் உள்ளவர்கள்தான் செய்ய முடியும்.

முதலில், ஏன் கிழிகிறது

இதயத்திலிருந்து கிளம்பி உடம்பு முழுக்க ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்தான் பெருந்தமனி. ஆஸ்பத்திரியில் அயோர்ட்டா என்பார்கள். அதன் சுவரில் மூன்று அடுக்கு உண்டு. நடு அடுக்கில்தான் நீண்டு சுருங்கும் இழைகள் இருக்கின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை இதயம் ரத்தத்தை அடிக்கும்போது அந்த இழைகள் விரிந்து, பிறகு பழைய அளவுக்கு வருகின்றன. பாவாடை இடுப்புக்குப் போடும் இலாஸ்டிக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இலாஸ்டிக் இழைகளைத் தாங்கிப் பிடிக்கும் புரதத்துக்கு ஃபிப்ரில்லின் என்று பெயர். அதைச் செய்யும் மரபணு எஃப்பிஎன்1. அதில் பிழை இருந்தால் மார்ஃபான். பழைய பாவாடை இலாஸ்டிக்கைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே நூல் நன்றாகவே இருக்கும், உள்ளே ரப்பர் துண்டு துண்டாகப் போயிருக்கும். சுவரும் அப்படித்தான் ஆகிறது. வளர்ந்த உடம்பு அந்த இழையைப் புதிதாக நெய்வதும் கிடையாது.

இன்னொரு கெடுதலும் உண்டு. டிஜிஎஃப்-பீட்டா என்று ஒரு சமிக்ஞை, செல்களுக்கு 'இதைச் செய், அதைப் பிரி' என்று உத்தரவு போடுவது. அதை அடக்கி வைப்பதிலும் ஃபிப்ரில்லினுக்குப் பங்கு இருக்கிறது. மாஸ்டர் வராத நாளில் கடைப் பையன்கள் ஆளாளுக்கு நல்ல சட்டையைப் பிரித்து ஆல்டர் செய்தால் எப்படி இருக்கும்? சுவருக்கு அதே கதி.

இதயத்தை ஒட்டிய அடிப்பகுதிதான் ஒவ்வொரு அடியையும் முதலில் வாங்குகிறது. அதனால் மார்ஃபானில் பெரும்பாலும் அங்கேதான் வீங்கும். அந்த வீக்கம்தான் அனியூரிசம். பலூனில் எந்த இடம் பெருக்கிறதோ அந்த இடம் மெலியும், அடுத்த ஊதலில் அங்கேயே இன்னும் பெருக்கும். அகலம் கூடக் கூட, அதே ரத்த அழுத்தம் சுவரை இன்னும் அதிகமாக இழுக்கும். ஒரு நாள் உள் அடுக்கு கிழிந்து, ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்துவிடும். பழைய கோட்டுக்குள் கையை விட்டால் கை சரியான வழியில் போகாமல், பிரிந்த லைனிங்குக்கும் துணிக்கும் நடுவே போய் மாட்டிக்கொள்ளுமே, அதேதான். டிசெக்‌ஷன் என்று டாக்டர் சொன்னபோது அந்தக் கோட்டு ஞாபகம்தான் எனக்கு வந்தது.

மார்ஃபான் மட்டுமல்ல. 2005ல் அடையாளம் கண்ட லோயிஸ்-டீட்ஸ் என்று ஒன்று உண்டு. அதில் சின்ன அளவிலேயே கிழியலாம், தலை முதல் இடுப்பு வரை மற்றக் குழாய்களும் வளைந்து நெளிந்து வீங்கலாம். ரத்தக்குழாய் வகை ஏலர்ஸ்-டான்லாஸ் இன்னொன்று. அதில் குறை இலாஸ்டிக்கில் இல்லை, மூன்றாம் வகை கொலாஜன் என்ற கெட்டி நூலில். வீங்காமலே கிழியும் என்பதுதான் அதில் பயம். ஆனால் விரல் பின்னால் வளைகிறது, மூட்டு தளர்வு என்று வருகிற சாதாரண ஏலர்ஸ்-டான்லாஸ் வகையில் பெருந்தமனி பெரும்பாலும் தப்பிவிடும். மூட்டு வளைகிறதென்று பயந்துபோய் ராத்திரி தூங்காதவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

கிழவிகளிடம் கேளுங்கள்

முதல் வேலை ஒரு தாளை எடுத்து மூன்று தலைமுறை எழுதுவது. யார், எந்த வயதில், எப்படிப் போனார்கள் என்று எழுதுங்கள். நம் ஆட்களிடம் இது சுலபமில்லை. என் மாமனார் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 41 வயதில் மரத்தடியிலேயே விழுந்தார். 'முனி அடிச்சிருச்சு' என்றுதான் குடும்பத்தில் பேச்சு. அந்த மரத்துக்குக் கோழி அறுத்துப் படைத்திருக்கிறார்கள். மகனும் அதே மாதிரி போன பிறகுதான் முனியின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

அதனால் 'ஹார்ட் பிரச்சினை இருந்ததா?' என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: 50 வயதுக்குள் திடீரென்று விழுந்து செத்தவர் யார்? ரொம்ப உயரமாக, ஒல்லியாக இருந்தவர் யார்? சின்ன வயதிலேயே சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டவர், கண்ணில் லென்ஸ் நகர்ந்து ஆபரேஷன் செய்தவர் உண்டா? அடிபடாமலே நுரையீரல் சுருங்கியவர்? பிரசவத்திலோ, பிரசவமான சில வாரத்திலோ போன பெண்கள்? என் மனைவியின் அத்தைக்கு 83 வயது. ஒரு மத்தியானத்தில், இரண்டு கிளாஸ் தே ஓ குடித்துக்கொண்டே, யாரும் சொல்லாத நாலு பேரைச் சொன்னார். கருமாதி வீட்டிலும் கேட்கலாம். அங்கேதான் எல்லாரும் செத்தவர்களைப் பற்றிப் பேசுவார்கள். மரணச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

கணக்கையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு பிள்ளையில் ஒன்றுக்கு வரும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது. ஆண், பெண் பேதமும் கிடையாது. மார்ஃபான் உள்ளவர்களில் நாலில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல், அவரிடம்தான் முதலில் தோன்றுகிறது. ஆகவே 'எங்க வம்சத்துல கிடையாது' என்பது பதில் ஆகாது.

டேப்பை விரியுங்கள்

இது என் துறை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். உயரத்தைப் பென்சிலால் குறியுங்கள். பிறகு இரண்டு கையையும் பக்கவாட்டில் முழுசாக நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளக்க வேண்டும். சட்டைக்கு எடுக்கிற மாதிரி தோளிலிருந்து எடுக்காதீர்கள், முழங்கை மடங்கவும் விடாதீர்கள். கை அகலத்தை உயரத்தால் வகுங்கள். வளர்ந்தவர்களுக்கு 1.05க்கு மேல் வந்தால் ஒரு அடையாளம். என் மகள் 174 சென்டிமீட்டர் உயரம், கை அகலம் 184. வகுத்தால் 1.057. பள்ளியில் நெட்பால் டீமுக்கு அவளைத்தான் முதலில் எடுத்தார்கள், நாங்களும் பெருமைப்பட்டோம்.

அடுத்தது விரல். கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடச் சொல்லுங்கள். நகம் இருக்கும் கடைசிக் கணு முழுசாகச் சுண்டுவிரல் பக்கம் வெளியே நீட்டினால் ஒரு குறி. ஒரு கையின் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் மறு மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கும்போது, கட்டைவிரல் சுண்டுவிரல் நகத்தை முழுக்க மூடினால் இன்னொன்று. நெஞ்சு குழிந்தோ புறா மாதிரி முன்தள்ளியோ இருக்கிறதா, பாதம் தட்டையா, முதுகுத்தண்டு வளைந்திருக்கிறதா, உடம்பு பருக்காமலே தோலில் வரி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து உள்நாக்கைப் பாருங்கள். அது இரண்டாகப் பிளந்திருந்தால் லோயிஸ்-டீட்ஸ் பக்கம் யோசிக்க வேண்டும். தோல் மெல்லிசாக, உள்ளே நரம்பு தெரிகிற மாதிரி இருந்து, தொட்டாலே கன்றிப்போனால் ரத்தக்குழாய் வகை ஏலர்ஸ்-டான்லாஸ். அதில் ஆள் உயரமாக இருக்க வேண்டும் என்று இல்லை.

இதில் ஒன்றோ இரண்டோ இருந்தால் நோய் என்று முடிவு கட்டாதீர்கள். என் கடைக்கு வருகிற பஞ்சாபி வாடிக்கையாளர் ஒருவர் ஆறடி மூன்றங்குலம், கல் மாதிரி ஆள். அதே மாதிரி, குறி எதுவும் தெரியவில்லை என்பதால் விட்டுவிடவும் கூடாது. குடும்பத்தில் ஒருவருக்கு உறுதியானால், அவருடைய பெற்றோர், உடன்பிறப்பு, பிள்ளைகள் எல்லாரும் ஒரு தடவையாவது பெருந்தமனிக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும்.

555 நோட்டில் ஒரு பக்கம்

எழுதின தாளையும் அளவுகளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அரசாங்க சுகாதார நிலையத்துக்கு, அதாவது கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். பதிவுக்கு 1 ரிங்கிட். 'செக்கப்' என்று சொல்லாதீர்கள். 'குடும்பத்தில் பெருந்தமனி கிழிந்து செத்திருக்கிறார்கள், இதய ஸ்பெஷலிஸ்டிடம் போக பரிந்துரைக் கடிதம் (சூராட் ருஜுக்கான்) வேண்டும்' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஜாலான் துன் ரசாக்கில் ஐஜேஎன் என்ற தேசிய இதய மருத்துவமனை இருக்கிறது, லெம்பா பந்தாயில் மலாயா பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது. மரபணு கிளினிக்குக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கண் டாக்டரையும் மறக்காதீர்கள்.

எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்துவிட்டு 'நார்மல்', 'கொஞ்சம் பெருசு' என்று சொன்னால் அதோடு எழுந்து வராதீர்கள். எத்தனை மில்லிமீட்டர், எந்த இடத்தில் எடுத்தது என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு உடம்பின் அளவோடு ஒப்பிட்டு இசட்-ஸ்கோர் என்று ஒரு எண் சொல்வார்கள், அதையும் கேளுங்கள். 10 வயதுப் பையனுக்கும் ஆறடி ஆளுக்கும் ஒரே அளவில் சட்டை வெட்ட முடியாது இல்லையா? வாடிக்கையாளர் அளவு குறிக்க நான் வைத்திருக்கும் 555 நோட்டில் ஒன்றை வீட்டுக்கென்று ஒதுக்கினேன். தேதி, எந்த ஸ்கேன், எத்தனை மில்லிமீட்டர், ரத்த அழுத்தம், மாத்திரை. ஆஸ்பத்திரி மாறினாலும் டாக்டர் மாறினாலும் அந்த நோட்டு மாறாது. ஒரு எக்கோவுக்கும் அடுத்ததற்கும் 1, 2 மில்லிமீட்டர் முன்னே பின்னே வரும். இரண்டு பேர் டேப் பிடித்தால் எனக்கும் அப்படித்தான் வரும், அதற்காகப் பதறாதீர்கள். எண் தொடர்ந்து ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. வழக்கமாக, தெரிந்தவுடன் ஒன்று, 6 மாதத்தில் ஒன்று, பிறகு வருடா வருடம்.

மனைவியின் ரத்தத்தில் எஃப்பிஎன்1 பிழை எதுவென்று தெரிந்ததால், பிள்ளைகள் இருவருக்கும் அதே பிழையை மட்டும் தேடினார்கள். மகனுக்கு இல்லை. அவனுக்கு இனி ஸ்கேன் வேண்டாம். மகளுக்கு இருக்கிறது. பிழை எதுவென்று கண்டுபிடிக்க முடியாத குடும்பமாக இருந்தால், எல்லாரையும் ஸ்கேனில் தொடர்ந்து பார்ப்பதுதான் வழி.

மாத்திரையும் காவடியும்

இதயம் அடிக்கும் வேகத்தையும் முரட்டுத்தனத்தையும் குறைக்க அட்டெனோலால் மாதிரி பீட்டா பிளாக்கர், இல்லாவிட்டால் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் லோசார்டன், சிலருக்கு இரண்டும். லோசார்டன்தான் புது அதிசயம் என்று ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. 600க்கும் மேற்பட்ட பிள்ளைகளையும் இளைஞர்களையும் வைத்து ஒப்பிட்ட ஆய்வு 2014ல் வந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. எதைக் கொடுத்தாலும் ஒழுங்காகச் சாப்பிடுவதும், நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் இருப்பதும்தான் முக்கியம். சிப்ரோஃப்ளாக்ஸாசின், லெவோஃப்ளாக்ஸாசின் வகை ஆன்டிபயாட்டிக்கை வேறு வழி இருக்கும்போது இப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. சிறுநீர்க் கடுப்பு என்று எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூச்சை அடக்கி முக்கித் தூக்கும் எந்த வேலையும் ஆகாது. அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். ஜிம்மில் எடை தூக்குவது, 14 கிலோ கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்குவது, முட்டி மோதும் விளையாட்டு, எல்லாம் வேண்டாம். பேசிக்கொண்டே செய்ய முடிகிற நடை, மெதுவான நீச்சல் நல்லது. மகள் நெட்பாலை விட்டபோது ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1986ல் ஜப்பானில் ஆட்டத்துக்கு நடுவே சரிந்து இறந்த கதையைச் சொன்னேன். அவருக்கும் மார்ஃபான்தான், இறந்த பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் தைப்பூசம். பத்துமலையில் 272 படி. அலகுக் காவடியைத் தோளில் ஏற்றி ஆடிக்கொண்டு போவதை டாக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார், நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மனைவிக்கு வேண்டுதல் இருந்தது. 'பெருசா தூக்கினாத்தான் முருகன் வாங்கிக்குவாரா? சின்னச் செம்புல பால் கொண்டு போம்மா' என்று மாமியார் சொன்னார். டாக்டரிடமும் கேட்டுவிட்டு, ஒரு செம்பு பாலோடு நின்று நின்று ஏறினாள்.

துணி மாற்றுவது

மார்ஃபானில் பெருந்தமனியின் அடிப்பகுதி 50 மில்லிமீட்டர் அகலத்தை எட்டினால் கிழியும் முன்பே மாற்றிவிடுவார்கள். குடும்பத்தில் கிழிந்த கதை இருந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ 45லேயே பேச்சை எடுப்பார்கள். லோயிஸ்-டீட்ஸில் இன்னும் முன்னதாக. என் மனைவிக்கு 47 இருந்தது, தம்பி போன கதையும் இருந்தது. 2012ல் செய்தார்கள். அவளுடைய சொந்த வால்வையே வைத்துக்கொண்டு குழாயை மட்டும் மாற்றும் முறை. உலோக வால்வு வைத்தால், ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும்.

வைக்கிற குழாய் எதனால் ஆனது என்று கேட்டேன். டேக்ரான் என்றார் சர்ஜன். டேக்ரான் என்றால் பாலியெஸ்டர்! நான் வருடம் முழுக்கப் பள்ளிச் சட்டைக்கு வெட்டுகிற சரக்கு. பிறகுதான் படித்தேன்: 1950களில் மைக்கேல் டிபேக்கி என்ற அமெரிக்க சர்ஜன் கடையில் டேக்ரான் துணி வாங்கிவந்து, மனைவியின் தையல் மிஷினில் தானே குழாய் தைத்துப் பார்த்திருக்கிறார். தையல் கற்றுக்கொடுத்தது அவருடைய அம்மா. அந்த மனிதருக்கே 97 வயதில் பெருந்தமனி கிழிந்து, ஆபரேஷனில் பிழைத்தார். ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது இது தெரிந்திருந்தால் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். மாற்றிய துண்டுதான் புதுசு, மிச்சத் துணி பழசு. ஸ்கேன் நிற்காது.

பெண் பார்க்க வரும்போது

மகள் விஷயத்தில் உறவுக்காரர்கள் எல்லாரும் 'மறைச்சிடுங்க' என்றார்கள். நான் மறைக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றே வாசலில் வைத்துச் சொல்லவும் இல்லை. இரண்டு பக்கமும் பிடித்துப்போய், பரிசம் பேசுவதற்கு முன்னால், மகளே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம். முதலில் வந்த குடும்பம் போனை எடுக்கவில்லை. அடுத்து வந்த பையனின் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பிள்ளை பெத்துக்கலாமா?"

அதற்கு நேர்மையான பதில், பெருந்தமனியின் அளவைப் பொறுத்தது. 45 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் முதலில் ஆபரேஷன், பிறகுதான் பிள்ளை என்பார்கள். 40க்கு மேல் நன்றாக யோசிக்க வேண்டும். மகளுக்கு 38 மில்லிமீட்டர். கர்ப்பத்துக்கு முன்பே லோசார்டனை நிறுத்தி மாற்ற வேண்டும், அது குழந்தைக்கு ஆகாது. கர்ப்பத்தில் பல தடவை எக்கோ எடுப்பார்கள். கடைசி மாதங்களிலும் பிரசவமான முதல் சில வாரங்களிலும்தான் ஆபத்து அதிகம். அதனால் தலைப்பிரசவம் என்று அம்மா வீட்டுக்கு வந்தாலும் இதய டாக்டர் உள்ள ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். இதையெல்லாம் சொன்னோம். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக் கோட்டை நான்தான் தைத்தேன்.

வலி வந்தால்

நெஞ்சிலோ தோள்பட்டைகளுக்கு நடுவிலோ திடீரென்று, கிழிப்பது போல, ஆரம்பத்திலேயே உச்சத்தில் வலி வந்தால் ஆம்புலன்ஸுக்கு 999. தானே கார் ஓட்டிப் போகக் கூடாது. இதயத்தை ஒட்டிய பகுதி கிழிந்தால், சிகிச்சை இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உயிர் போகும் ஆபத்து 1 முதல் 2 சதவீதம் கூடுகிறது. இசிஜி நன்றாக இருந்தாலும் இது இருக்கலாம், சிடி ஸ்கேனில்தான் தெரியும். மாரடைப்பு என்று நினைத்து ரத்தத்தை நீர்க்கும் மருந்து கொடுத்தால் கேடு. அதனால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரு வரி மனப்பாடம்: "கெலுவார்கா சாயா அடா மார்ஃபான். தோலோங் பெரிக்சா அயோர்ட்டா." என் குடும்பத்தில் மார்ஃபான் இருக்கிறது, தயவுசெய்து அயோர்ட்டாவைச் சோதியுங்கள் என்று அர்த்தம். ஐசியோடு (அடையாள அட்டையோடு) சேர்த்து ஒரு அட்டையிலும் எழுதி வைத்திருக்கிறோம். மச்சான் கையில் அந்த அட்டை இருக்கவில்லை.

அத்தை சொன்ன அந்த நாலு பேரில் ஒருவர் என் மனைவியின் பெரியப்பா. 30 வயதிலேயே ஒரு கண் போனவர். அவருடைய பேரன் ரவாங்கில் இருக்கிறான், 22 வயது, ஆறடி இரண்டங்குலம். ஸ்கேனுக்கு வா என்று இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறேன், 'எனக்கு ஒன்னும் இல்ல மாமா' என்கிறான். தீபாவளிச் சட்டைக்கு அளவு கொடுக்க வருகிற சனிக்கிழமை கடைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். சுவரில் பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன். சட்டைக்கு எதற்கு இரண்டு கையையும் விரிக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், புது ஃபேஷன் என்பேன்.